சிஸ்டம் சார் சொன்ன ஒரு சொல்

அறிவுச்செல்வன் யாருடைய பரிசோதனை முடிவையும் வெளியாளிடம் சொன்னதில்லை. பன்னிரண்டு வருடமாக அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் டாக்டர் பிரபாவதி நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தை ஊரில் 'மேடம் லேப்' என்பார்கள். திண்டிவனத்தில் அதற்கு ஒரு கிளை உண்டு. இரண்டு இடத்திலும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். ரத்தம் எடுப்பவர், சோதிப்பவர், பில் போடுபவர் என்று எல்லோரும் ஏதாவது ஒரு கணினியின் முன்னால்தான் உட்கார வேண்டும். அந்தக் கணினிகள் அத்தனைக்கும் பொறுப்பு அறிவுச்செல்வன். சிஸ்டம் சார் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள்.

அந்தச் 'சார்' அவருக்குச் சும்மா வந்ததில்லை. அப்பா பெரியசாமி திருவக்கரைப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். முதலாளி வீட்டு வாசலைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அறிவுச்செல்வன் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்டருக்கு மை நிரப்பும் வேலையில் சேர்ந்தார். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. கெட்டுப்போன எந்திரம் கைக்கு வந்தால், ஏன் கெட்டது என்று தெரியாமல் திருப்பிக் கொடுக்க மாட்டார். அப்படியே ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஒரு நாள் மேடம் லேபுக்குப் பிரிண்டர் பழுது பார்க்க வந்தார். மேடம் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

"நீ இங்கயே இருந்துடு அறிவு. எல்லாத்தையும் நீயே பாத்துக்க" என்றார்.

எல்லாம் என்றால் எல்லாமும்தான். மேடத்தின் பெயரில் உள்ளே நுழையும் பாஸ்வேர்டு, அவருடைய மின்னஞ்சல், வாட்ஸாப், கேமரா, நோயாளிகளின் ஒன்பது வருடத்துப் பதிவுகள். யார் எந்த ரிப்போர்ட்டை எப்போது திறந்தார்கள் என்று கணினி தானாகவே எழுதி வைத்துக்கொள்ளும் பதிவேடு ஒன்று உண்டு. அதுவும் அவர் கையில்தான் இருந்தது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் பெயரின் முதல் மூன்று எழுத்தையும் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் சேர்த்துப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பார். நாற்பத்து மூன்றும் மனப்பாடம். டீ நேரத்தில் யாராவது ஒரு பெயரைச் சொன்னால் இவர் கடகடவென்று ஒப்பிப்பார்.

"எங்க வூட்டுக்காரருக்கே எம் பாஸ்வேர்டு தெரியாது. இவருக்குத் தெரிஞ்சிருக்குது பாரு" என்று பில் போடும் சித்ரா சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அறிவுச்செல்வனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும்.

ஒரே ஒருத்தி மட்டும் ஒரு தடவை கேட்டாள். திண்டிவனம் கிளையில் பரிசோதனை செய்யும் கலையரசி. முப்பத்தொரு வயது. வேலையில் நிதானம், பேச்சில் அதைவிட நிதானம்.

"சார், எம் பாஸ்வேர்ட நானே மாத்திக்கலாமா?"

"எதுக்கும்மா? மாத்திட்டு மறந்துட்டீங்கன்னா நான்தான் விழுப்புரத்துல இருந்து பஸ் ஏறி வரணும்."

"மறக்க மாட்டேன் சார்."

"இன்னாம்மா, எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்" என்று அவள் போய்விட்டாள். அவர் அதை அன்றே மறந்தும்விட்டார்.

இனி அவருடைய விரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தை, மாசி வந்துவிட்டால் அறிவுச்செல்வனுக்கு ஒரு தனி மாதிரியான போன்கள் வரும். இந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன் விசாரிப்பது வழக்கம். மாப்பிள்ளை குடிப்பானா, வேலை நிலையா, ஏற்கெனவே எங்காவது பேசி முறிந்ததா என்று டீக்கடையிலும் சலூனிலும் கேட்பார்கள். இப்போது அந்த வரிசையில் லேபும் சேர்ந்துவிட்டது. "சார், மயிலத்துப் பையன் ஒருத்தன். உங்க எடத்துல ரத்தம் குடுத்திருக்கானா, கொஞ்சம் பாருங்களேன்."

அவர் பார்ப்பார். ஆனால் சொல்ல மாட்டார். நோயின் பெயரோ எண்ணோ அவர் வாயிலிருந்து வராது. ஒன்றும் இல்லை என்றால் "நல்லபடியா செய்யுங்க" என்பார். ஏதாவது இருந்தால் ஒரே சொல்தான்: "அவசரப்படாதீங்க." அதற்கு மேல் யார் கிளறினாலும், "ரிப்போர்ட்ட வெளிய சொல்லக் கூடாதும்மா, அது தப்பு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லிவிட்டு போனை வைக்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும்.

போன தையில் அவரைக் கேட்டவர் வீட்டுக்கார அம்மா பாஞ்சாலி. அவருடைய மாடி வீட்டில்தான் அறிவுச்செல்வனும் மனைவி இசைவாணியும் ஆறு வருடமாகக் குடியிருந்தார்கள். பாஞ்சாலியம்மாளுக்கு விக்கிரவாண்டிப் பக்கம் நிலம் உண்டு. வாடகைக்குக்கூட மாடிப்படியில் கால் வைக்க மாட்டார், கீழே நின்றே குரல் கொடுப்பார். அன்றைக்கு லேபுக்கே போன் செய்தார்.

"தம்பி, எம் பொண்ணு கலைப்பிரியாவுக்கு ஒரு எடம் வந்துக்கிது. பையன் பேரு பூவரசன். மயிலத்துக்குப் பக்கம், அப்பா பேரு சுப்பராயலு. நீங்க சொன்னீங்கன்னாதான் நான் தாம்பூலம் மாத்துவேன்."

நீங்க சொன்னாதான். கல்லுடைத்தவர் மகனிடம் அந்தம்மாள் அப்படிக் கேட்டது அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது. கணினி முன்னால்தான் இருந்தார். இரண்டு நிமிட வேலை.

"அவசரப்படாதீங்கம்மா" என்றார்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை சுப்பராயலு லேபுக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டியில் செம்மண் கறை. மேடத்தின் அறையில் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம் புள்ளை உங்ககிட்டதாம்மா ரத்தம் குடுத்தான். அவனுக்குச் சக்கரை. இந்த வயசுலயேன்னு எங்களுக்கே பேஜாரா இருந்துச்சி. தாம்பூலம் மாத்தறதுக்கு முன்னால நானே பொண்ணு வூட்ல உக்காந்து சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பொண்ணுக்கு மாமன் வந்து, லேப்லயே சொல்லிட்டாங்க, உம் புள்ளைக்கு ஏதோ நோய் இருக்குதாம், வெளிய சொல்ல முடியாத நோயாம்னு நடுத்தெருவுல நின்னு பேசிட்டுப் போயிட்டான். இப்போ ஊர்ல இன்னா இன்னாவோ பேசிக்கினு இருக்காங்க. அவன் கம்பெனிக்குப் போயி பத்து நாளாவுது."

மேடத்தின் முகம் கறுத்தது. அறிவுச்செல்வனைக் கூப்பிட்டு, "யார் தொறந்தாங்கன்னு பாரு" என்றார்.

அவர் பார்த்தார். பூவரசனின் ரிப்போர்ட் வந்த நாளில் ஒரு தடவை திறக்கப்பட்டிருந்தது. அது ஒழுங்கான வேலை. அப்புறம் தை மாதம் ஒரு நாள் காலை பதினொன்றே காலுக்கு இன்னொரு தடவை. அந்த நேரத்தில் பில் இல்லை, பிரிண்ட் இல்லை, வெறுமனே திறந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் பெயர்: கலையரசி.

சுப்பராயலு, பூவரசன் என்ற இரண்டு பெயர்களும் அவருக்கு அப்போது எதையாவது நினைவூட்டினவா? பின்னால் அவர் தன்னையே பல தடவை கேட்டுக்கொண்ட கேள்வி இது. அந்த இரண்டு மாதத்தில் இருபது பேருக்காவது பார்த்துச் சொல்லியிருப்பார். மறந்துபோயிருக்கலாம். மறந்தேன் என்று துணிந்து சொல்லவும் அவரால் முடிந்ததில்லை.

கலையரசியைத் திண்டிவனத்திலிருந்து வரச் சொன்னார்கள். லேபின் மாடி அறையில் விழுப்புரத்து ஆட்கள் பாதிப் பேர் நின்றார்கள். மேடம், மகனைப் பற்றி மறுபடியும் சொல்லிக் கலங்கி நின்ற சுப்பராயலு, நடுவில் மேசை மேல் அந்தப் பதிவேட்டின் தாள்.

"நான் தொறக்கல மேடம். அந்தப் பேரையே இப்பதான் கேக்குறேன்."

"அப்ப இது என்னது?" என்றார் மேடம்.

"தெரியல மேடம். சிஸ்டம் சார் கிட்ட கேளுங்க. சார், நீங்க சொல்லுங்க சார். வேற யாராச்சும் எம் பேருல போயிருக்க முடியாதா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அறிவுச்செல்வன் தாளைக் கையில் எடுத்து இன்னொரு தடவை படித்தார்.

"சிஸ்டம் பொய் சொல்லாதும்மா" என்றார்.

கலையரசி கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்று சாயங்காலமே மேடம், திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை உள்ள லேப் முதலாளிகளின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டார். இந்தப் பெண் நோயாளிகளின் விவரத்தை வெளியே சொல்கிறவள், வேலைக்கு எடுக்கும்போது யோசியுங்கள் என்று. மேடத்தைத் தவிர அந்தக் குழுவில் பதினோரு பேர்.

இருபத்து மூன்று நாள் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலியம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு பை நிறைய பச்சை மல்லாட்டை, மண் காயாத வேர்க்கடலை. இசைவாணி அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வேண்டாம் என்று அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நம்ம கொல்லையில புடுங்கினது. அவிச்சிக் குடு, சாப்பிடட்டும். ஆறு வருஷமா மேல குடியிருக்காரு, எங் குடும்பத்துக்குச் சாமி மாதிரி இருக்காருன்னு இப்பதான் தெரிஞ்சிது."

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் அறிவுச்செல்வன்.

"எதுக்கா? எம் பொண்ணைக் காப்பாத்தினீங்களே. அந்த மயிலத்துப் பையன். நீங்க அவசரப்படாதீங்கன்னு ஒரே சொல்லுதான் சொன்னீங்க. எந் தம்பிகிட்ட சொன்னேன். அவன் சொன்னான், சின்ன நோயா இருந்தா அவரு சொல்லியிருப்பாரு, வாயத் தொறக்க முடியாத நோயா இருக்கப் போயித்தான் இப்படிச் சொல்றாருன்னு. போயி நல்லா கேட்டுட்டு வந்தான்."

"அப்படியெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்லம்மா" என்று அறிவுச்செல்வன் ஆரம்பித்தார். அதோடு நின்றார். வெறும் சர்க்கரைதான் என்று சொன்னால் ரிப்போர்ட்டைச் சொன்னதாகும். சொல்லாவிட்டால் அந்தப் பையன்மேல் ஊர் ஒட்டிய நோய் அப்படியே இருக்கும்.

"பாத்தியா, இப்பவும் சொல்ல மாட்றாரு" என்று பாஞ்சாலியம்மாள் இசைவாணியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

அந்தம்மாள் இறங்கிப் போனதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு லேபுக்குப் போனார். ஞாயிறு அரை நாள்தான், மதியத்துக்கு மேல் ஆள் இல்லை. அந்தப் பதிவேட்டில் ஏழு பத்தி உண்டு. ஏழாவது பத்தி, எந்தக் கணினியிலிருந்து திறந்தார்கள் என்பது. அது தாளின் அகலத்துக்குள் அடங்காமல் ஒவ்வொரு தடவையும் இரண்டு தாள் வீணாகிறது என்று மேடம் ஒரு சமயம் சலித்துக்கொண்டார். அதனால் பிரிண்ட் எடுக்கும்போது அந்தப் பத்தி வராதபடி செய்துவிட்டார் அறிவுச்செல்வன். தாளில் இல்லையே தவிர, கணினிக்குள் இருந்தது. இப்போது அதைத் திறந்தார்.

தை மாதம் அந்த நாள், பதினொன்றே கால், கலையரசி பெயர். ஏழாவது பத்தியில் அவருடைய சொந்த மடிக்கணினி.

எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று காலை கலையரசி போன் செய்து, தன் பெயரில் போனால் மட்டும் ரத்தக் குப்பியில் ஒட்டும் லேபிள் வருவதில்லை என்றாள். இவர் விழுப்புரத்தில் உட்கார்ந்தபடியே தன் மடிக்கணினியில் அவள் பெயரைப் போட்டு, மனப்பாடமாக இருந்த அவள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய்ச் சரி செய்துகொண்டிருந்தார். எப்போதும் செய்கிறதுதான். அந்த நேரத்தில்தான் பாஞ்சாலியம்மாளின் போன். வெளியே வந்து தன் பெயரில் மறுபடி போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. திறந்திருந்த இடத்திலேயே பூவரசன் என்று தட்டினார்.

அந்த வரியை அழிக்க அரை நிமிடம் போதும். அழித்ததற்கான அடையாளத்தை அழிக்க இன்னொரு அரை நிமிடம். உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. இதைத்தான் பன்னிரண்டு வருடம் மேடத்தின் நம்பிக்கை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். யாராலும் தன்னைப் பிடிக்க முடியாத ஓர் இடம் அது, அவ்வளவுதான் என்று அன்று தெரிந்தது. ஏழாவது பத்தியோடு சேர்த்துப் பிரிண்ட் எடுத்தார். இரண்டு தாள் வந்தது.

மறுநாள் காலை மேடத்தின் முன்னால் அந்தத் தாள்களை வைத்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அடுத்தவர்களுக்குப் பார்த்துச் சொன்னதையும் சொன்னார். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மேடம்."

"அப்ப விடு."

அவருக்கு விளங்கவில்லை.

"கலையரசிய வரச் சொல்லு. நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லு. பழையபடி வேலை பாக்கட்டும்."

"மன்னிக்கிறதுக்கு அவங்க ஒண்ணும் பண்ணலியே மேடம்."

"அறிவு, நீதான்னு வெளிய போச்சுன்னா நாளைக்கு எவன் இங்க வந்து கைய நீட்டி ரத்தம் குடுப்பான்? யாரோ ஒரு ஸ்டாஃப் தப்பு பண்ணா ஜனங்க மறந்துடுவாங்க. சிஸ்டத்தப் பாக்குறவனே பண்ணான்னா மறப்பாங்களா? நீ இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடுமா? போ, போயி வேலையப் பாரு."

அவர் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மேடத்துக்குக் கோபமே வராதது அவரைத் தலைகுனிய வைத்தது.

கலையரசியின் வீடு திண்டிவனத்தில் கிடங்கல் பக்கம். அம்மா சவுரியம்மாளும் அவளும் மட்டும். அவர் போனபோது கலையரசி பள்ளிக்கூடச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சட்டைகள் குவிந்து கிடந்தன. மூன்று லேபுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். மூன்றிலும், "ரிப்போர்ட்ட வெளிய சொல்ற பொண்ணுன்னு சொல்றாங்களேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் நின்றபடியே சொல்லி முடித்தார். கலையரசி ஊசியைக் கீழே வைக்கவில்லை. சவுரியம்மாள்தான் முதலில் பேசினார்.

"வேலிக்கு ஓணான் சாட்சின்னு சொல்லுவாங்க. இங்க ஓணானே வேலி, ஓணானே சாட்சி, ஓணானே நாட்டாமை. நல்லா இருக்குதுய்யா உங்க கம்ப்யூட்டரு."

"அம்மா, நீ சும்மா இரு" என்றாள் கலையரசி. அப்புறம் அவரைப் பார்த்தாள். "நான் கேட்டேன் சார், பாஸ்வேர்ட மாத்திக்கறேன்னு."

"ஆமாம்மா."

"எம்மேல நம்பிக்கை இல்லியான்னு கேட்டீங்க. அன்னிக்கி வெக்கமாப் போச்சி எனக்கு. உங்கள சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுச்சேன்னு ரெண்டு நாள் சோறு எறங்கல."

கலையரசி அடுத்த பொத்தானை எடுத்தாள்.

"மேடம் வரச் சொன்னாங்கன்னு சொன்னீங்களே, நான் வர மாட்டேன் சார். எம் பேரு பதினோரு லேபுக்குப் போயிருக்குது. அதே பதினோரு பேருக்கும் நான் இல்லன்னு தெரியணும். யாருன்னும் தெரியணும். அது போதும்."

விழுப்புரத்துக்குத் திரும்பி மேடத்திடம் கேட்டார். குழுவில் ஒரு வரி போடுங்கள் என்று. முடியாது என்று மேடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

தன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். மேடத்தின் வாட்ஸாப் அவருடைய கணினியில் எப்போதும் திறந்தேதான் இருக்கும். திருவிழா வாழ்த்து, விடுமுறை அறிவிப்பு எல்லாம் மேடம் பெயரில் அவர்தான் அனுப்புவார். லேப் முதலாளிகளின் குழு மேலேயே தெரிந்தது. நாலு வரி தட்டினால் போதும், பதினோரு பேருக்கும் ஒரே நொடியில் போய்விடும். கை விசைப்பலகை வரைக்கும் போனது. நல்லதுக்குத்தானே என்று மனசு சொன்னது. பாஞ்சாலியம்மாளுக்குப் பார்த்துச் சொன்னபோதும் மனசு இதைத்தான் சொன்னது. அவர் அந்த வாட்ஸாப்பை மூடி, தன் கணினியிலிருந்தே நீக்கினார்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக் கையால் எழுதினார். தன் பெயர், தன் வேலை, எந்தத் தேதியில் யாருடைய பெயரில் நுழைந்தது, கலையரசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது. நோயாளியின் பெயரை எழுதவில்லை. பதினோரு தடவை எழுதினார். கை வலித்தது. நகல் எடுக்கலாம் என்று தோன்றினாலும் எடுக்கவில்லை.

எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டியதும், "அதை எடுத்துட்டுப் போனா திரும்பி வராதே" என்றார் மேடம்.

"சரிங்க மேடம். போறதுக்கு முன்னால என்னைய வெளிய தள்ளிடுங்க."

"என்ன பேசுற?"

"எல்லாத்துக்குள்ளயும் நான் இருக்கேன் மேடம். எம் பாஸ்வேர்ட நீங்க மாத்திட்டாதான் நான் வெளிய போனதா அர்த்தம்."

மேடத்துக்கு எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. அவரே பக்கத்தில் நின்று எங்கே தொட வேண்டும் என்று காட்டினார். புதிய பாஸ்வேர்டு போடும் இடம் வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மேடம் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். தட்டும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

"சத்தமா சொல்லாதீங்க மேடம். எனக்குக் கேக்குது."

"உனக்குக் கேட்டா என்ன?"

"எனக்குத்தான் மேடம் கேக்கக் கூடாது. வேற போடுங்க."

மேடம் இன்னொரு தடவை ஆரம்பித்தார். இந்தத் தடவை உதடு மட்டும் அசைந்திருக்க வேண்டும், விசைச் சத்தம்தான் கேட்டது. முடிந்ததும், "ஆயிடுச்சு, போ" என்றார்.

பதினோரு லேபுக்கும் பைக்கில் போனார், இரண்டு நாள் ஆனது. ஒவ்வோர் இடத்திலும் கடிதத்தைக் கொடுத்து, முதலாளி படித்து முடிக்கிற வரை எதிரே நின்று, பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சிலர் படித்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருவர், "இப்படி ஆளையெல்லாம் உள்ள விட்டா இப்படித்தான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், இவர் காதில் விழும்படியாகவே. இப்படி ஆள் என்று எதைச் சொன்னார் என்று அவருக்குத் தெரியும். எந்த வாசலுக்குள்ளும் போகாத அப்பா நினைவுக்கு வந்தார். இன்றைக்கு அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல வாயில்லாமல் செய்துகொண்டது தானே என்பதும் தெரிந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

திண்டிவனத்தில் சீனுவாசன் என்று ஒருவர். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா சார் இவ்ளோ தூரம் அலையறீங்க? எங்க எடத்துல மட்டும் இன்னா, பாத்துச் சொல்லாமலா இருக்கோம்? ஒறவு மொறைன்னா இதெல்லாம் இருக்கறதுதான். உக்காருங்க, டீ சாப்புடுங்க."

"வேணாங்க. கையெழுத்து மட்டும் போடுங்க."

சீனுவாசன் போட்டார். போட்டுவிட்டு குரலைத் தாழ்த்தினார். "எங்க அக்கா பொண்ணுக்கு ஒரு எடம் பாக்குறோம். பையன் உங்க மேடம் லேப்லதான் டெஸ்டு பண்ணிக்கினு இருக்கானாம். நீங்க வெளிய வந்துட்டாலும், உள்ள யாராச்சும் இருப்பாங்க இல்ல?"

அறிவுச்செல்வன் அவர் முகத்தையே பார்த்தார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் தெரியவில்லை. அக்கா மகள்மேல் அக்கறைதான் தெரிந்தது. தைரியமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். இத்தனை நாள் பார்த்துச் சொன்னவனுக்கு அதைச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது.

"பையனையே கேளுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் மதியம் கையெழுத்துத் தாளைக் கலையரசியிடம் கொடுத்தார். அவள் வாசலிலேயே நின்று ஒவ்வொரு கையெழுத்தையும் அதற்கு நேரே இருந்த பெயரையும் விரல் வைத்துப் பார்த்தாள்.

"விக்கிரவாண்டி லேப்ல இருந்து காலையில போன் வந்துச்சி. நாளைக்கு வந்து பாருன்னு சொல்லிக்கிறாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"சரிம்மா. ரொம்ப நல்லது."

அவர் திரும்பினார். பைக்கை எடுக்கப் போனபோது அவள் கூப்பிட்டாள்.

"சார், மயிலத்துக்குப் போனீங்களா?"

"மயிலமா?"

"அந்தப் பெரியவரு வூட்டுக்கு. என்னைய விட்டுத் தள்ளுங்க, எனக்கு வேலை போச்சி, வேற வேலை வந்துடும். அந்தப் புள்ளைய ஊரே இன்னாவோ பேசுதுன்னு அழாத கொறையா சொன்னாரே. நீங்களும்தானே நின்னுக்கினு இருந்தீங்க."

போகவில்லை. இரண்டு நாள் முழுக்க அலைந்ததில் அவருக்கு அந்த எண்ணமே வரவில்லை. பதினோரு கடிதம், பதினோரு கையெழுத்து, கலையரசியின் பெயர், தன் மானம் என்றே ஓடியிருந்தார். ரிப்போர்ட் யாருடையதோ அந்த ஆளையே விட்டுவிட்டார்.

"போறேம்மா" என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மயிலத்தைத் தாண்டி மூன்று நான்கு கிலோமீட்டர். டீக்கடையில் சுப்பராயலு வீடு என்று கேட்டதும், கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் வழி சொன்னார்கள். ஓட்டு வீடு. வாசலில் மல்லாட்டைக் கொடி காய்ந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

"ஐயா இருக்காருங்களா?"

உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். ஒல்லியான உடம்பு, நான்கைந்து நாள் தாடி, இந்த நேரத்துக்கு லுங்கியோடு வீட்டில் இருக்கிறான். அவனுடைய மூன்று மாதத்துச் சர்க்கரை அளவு அறிவுச்செல்வனுக்குப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணோடு தெரியும். முகத்தை அன்றுதான் பார்த்தார்.

"அப்பா கொல்லை வேலைக்குப் போயிக்கிறாரு. நீங்க யாரு?"

"உங்களத்தாங்க பாக்கணும்."

"என்னையா? வெய்யில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க. உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்" என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வேணாங்க" என்றார் அறிவுச்செல்வன். "மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். அதுக்கப்புறம் உள்ள கூப்புட்றதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."